ஜாடியில் ஒரு கைத் தண்ணீர்

கொடைக்கானலில் இருந்த வருடங்களில் ஏரியை நான் மொத்தமாகப் பத்துத் தடவை பார்த்திருந்தால் அதிகம். சீசனுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போகிறவர்கள்கூட என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர் பழனியில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மலையில் வேலை, கொடுத்து வைத்தவன் என்பார்கள். நான் நாள் முழுக்கப் பார்த்தது ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியை. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு எனக்குச் சம்பளம்.

ஐம்பதுகளின் கடைசி அது. இருபது கட்டில் போட்ட சின்ன தர்ம ஆஸ்பத்திரி. நரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர் பாட்டில்கள் கீழேயிருந்து வரவேண்டும். மழைக்காலத்தில் ரோடு சரிந்தால் வராது, வந்தாலும் பாதி உடைந்து வரும். அதனால் டாக்டரம்மா தானே தயாரிக்க முடிவு செய்தார். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். கல்லூரியில் இண்டர்மீடியட் வரை கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, அடிவாரத்தில் அப்பாவின் கடையில் பக்தர்களுக்குத் தேங்காய் பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் அந்த ஆளானேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கல் அறை. ஆறடிக்கு எட்டடி. தூசி வரக்கூடாது என்று ஜன்னலை ஆணி அடித்துவிட்டார்கள். ஒரு மூலையில் உள்ளே ஈயம் பூசிய செம்பு அண்டா, அடியில் விறகு அடுப்பு. ஆவி ஒரு குழாய் வழியாக வந்து, சுற்றிலும் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற சுருளுக்குள் இறங்கி, தண்ணீராக மாறி, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் விழும். முதலில் வருவதைக் கீழே கொட்டிவிட வேண்டும். கடைசியில் அண்டாவில் மிஞ்சுவதை எடுக்கக்கூடாது. நடுவில் வருவது மட்டும்தான் சேரும். நடுவில் வருகிற நேரத்தில் எழுந்து போக முடியாது. விறகு தணிந்தால் சொட்டு நிற்கும், விறகு ஏறினால் கொதி தெறித்து உப்பும் சேர்ந்து வந்துவிடும், கவனிக்காமல் விட்டால் அண்டா வற்றி ஈயம் உருகும். வெளியே உலகமே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, நான் பனியனோடு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவைத் திறந்தால் மஞ்சு, மலையின் மூடுபனி, உள்ளே வரும். மஞ்சு வந்தால் டாக்டரம்மாவும் வருவார்.

சுத்தமான தண்ணீர் என்று எல்லாரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம். அந்த அறைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அபிஷேகத்துக்குப் போகிற தண்ணீரில் பூச்சி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. யார் சுமந்தார், குளித்துவிட்டுச் சுமந்தாரா என்று கேட்பார்கள். இங்கே சலவைக்காரர் நுரை வருகிறதா என்று பார்ப்பார், அவருக்கு அதுதான் சுத்தம். போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு ஃபிலிமில் புள்ளி விழக்கூடாது. வத்தலக்குண்டு பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணனுக்கு பாட்டரியில் ஊற்ற உப்பில்லாத தண்ணீர் வேண்டும். வாரம் ஒரு முறை சீசாவோடு வந்து வாசலில் நிற்பார். முந்தின நாள் மீந்ததை அவருக்குக் கொடுப்பேன். ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

"இதையா இம்புட்டுப் பாடுபட்டு வடிக்கிறீங்க? தொண்டையில எறங்குன மாதிரியே தெரியலையே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எதுவுமே இல்லாத தண்ணீர் நாக்குக்குச் சப்பென்று இருக்கும். அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஊதி வெடித்துவிடும். அதனால் பாடுபட்டு எடுத்த உப்பை மறுபடி அளந்து சேர்க்க வேண்டும், லிட்டருக்கு ஒன்பது கிராம். எடுத்ததையே திரும்பப் போடுவதற்கு எதற்கய்யா எடுத்தோம் என்று முதல் வாரம் எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

முந்தின நாள் தண்ணீரை ஏன் மனிதனுக்குக் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். அவர் எதையும் நின்றபடியேதான் சொல்வார்.

"பாட்டரிக்கு ஃபீவர் வராதுப்பா. அதுக்கு உப்புதான் ஆகாது. மனுஷனுக்கு உப்பு ஆகும். ஆனா ஒரு ராத்திரி நின்ன தண்ணில கண்ணுக்குத் தெரியாத கிருமி வளர்ந்துடும். அதைக் கொதிக்க வச்சா செத்துப் போகும், ஆனா செத்ததோட மிச்சம் தண்ணிலயே இருக்கும். அது ரத்தத்துல போனா ஆள் நடுங்கிப் போவான். உன்னோட டெஸ்ட் எதுலயும் அது காட்டாது."

என் டெஸ்ட் இரண்டுதான். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுக்கும். பெர்மாங்கனேட் விட்டால், அழுக்கு இருந்தால் ரோஸ் நிறம் போய்விடும். இரண்டிலும் தேறினால் ரெஜிஸ்டரில் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்றாவதான அந்தக் கிருமி மிச்சத்துக்கு டெஸ்ட் கிடையாது, விதி மட்டும்தான். சாயந்தரம் ஜாடியைக் காலி செய்து, கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் ஆவியில் வேக வைத்துவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும். வடித்த தண்ணீர் அன்றைக்கே பாட்டிலுக்குப் போக வேண்டும்.

நான் வடித்த தண்ணீரில் ஒருவருக்கும் நடுக்கம் வரவில்லை. அதுதான் எனக்கு வினையானது.

லீவு கேட்டால் டாக்டரம்மா ஒரே கேள்வி கேட்பார். "நீ போனா யார் வடிப்பா?" வேறு யாருக்கும் வடிக்கத் தெரியாது. என் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு இறுக்கமாக அந்தக் கதவு சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை நாள் கிடைக்கும். முருகன் கோயிலுக்கு நடந்து போவேன். மஞ்சு விலகினால் அந்த மேட்டிலிருந்து கீழே பழனி மலை தெரியும், வெறுங்கண்ணால். அதன் பக்கத்தில் பாலசமுத்திரம். அங்கே என் மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பார்க்க முடிகிற இடம்தான். போய்ச் சேர, வத்தலக்குண்டில் இறங்கி பஸ் மாறி, ஒரு பகல் முழுக்க வேண்டும். அவளை ஒரு தடவை மேலே கூட்டி வந்தேன். இரண்டே மாதம். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி அவள் மெலிந்துபோனதைப் பார்த்து நானே கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

முதல் பிள்ளை பிறந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். ஆண் குழந்தை. ஒரு நாள் இருந்தது. கடிதம் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் யார் சாயல் என்று மாமியாரைக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என் மனைவி என்னைக் குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அவள் மறுபடி உண்டானாள். மாசம் நெருங்கியதும் நான் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை நான் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"சரி. உன்ன மாதிரியே வடிக்க ஒரு ஆளை ரெடி பண்ணு. மூணு நாள் அவங்க வடிச்ச தண்ணி பாஸ் ஆகட்டும். பத்து நாள் போயிட்டு வா" என்றார்.

நான் சமையல்கட்டில் இருந்த அக்காவைக் கேட்டேன். அக்கா என்றால் உறவு இல்லை, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் அக்கா. பூம்பாறைக்காரர். நாற்பது வயது இருக்கும். புருஷன் போன பிறகு ஆஸ்பத்திரி சமையலே வாழ்க்கை என்று இருந்தவர். அவர் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். அடுப்பை அவரைப் போலத் தணிக்கவும் ஏற்றவும் எனக்கே தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் செய்வார்.

"நீங்க கவலையில்லாம போயிட்டு வாங்க தம்பி. கொதிக்க வைக்கிறதும் வடிக்கிறதும் என்ன பெரிய வித்தையா? நான் பொறந்ததுலேர்ந்து அதத்தான செய்யிறேன்" என்றார்.

மூன்று நாளும் அவர் தண்ணீர் இரண்டு டெஸ்டிலும் தேறியது. என் தண்ணீரை விட நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு சாயந்தரமும் ஜாடியை நான் கவிழ்த்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கவிழ்க்க வேண்டும் என்று நான் விளக்கவில்லை. செத்த கிருமியின் மிச்சம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தூசி விழும் என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் சாயந்தரம் அவரையே அறையைச் சாத்தச் சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரில் சுத்தம் என்று எழுதி, டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்.

கையெழுத்தோடு திரும்பி அறை வாசலில் வந்து நின்றபோது கதவு பாதி திறந்திருந்தது. அக்கா ஜாடியைக் கழுவி முடித்திருந்தார். அதைக் கவிழ்க்கப் போனவர் நின்றார். பிறகு நிமிர்த்தி வைத்தார். அன்றைய வடிநீரில் ஒரு கை எடுத்து உள்ளே விட்டார். புதுத் துணியால் வாயைக் கட்டினார். ஒரு நிமிஷம் கை கூப்பினார்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டிலும் அம்மா செய்வாள். ராத்திரி பாத்திரத்தை வெறுமையாக வைக்கக்கூடாது. சோறு தீர்ந்த பானையில் ஒரு கைத் தண்ணீராவது விட்டுத்தான் மூடுவாள். அப்படி வைக்காத வீட்டில் எதுவும் தங்காது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நோயாளிகள் இருக்கிற இடத்தில், பிழைக்க வைக்கிற தண்ணீர் பிடிக்கிற ஜாடியை, வெறுமையாகக் கவிழ்த்து வைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. காலையில் அதைக் கொட்டவும் மாட்டார். வேக வைக்கவும் மாட்டார், வைத்தால் ஜாடி மறுபடி காலியாகிவிடும். அதன் மேலேயேதான் புதுத் தண்ணீர் விழும். அதே தண்ணீர்தானே.

உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். ஆனால் சொன்னால் அக்கா ஏன் என்று கேட்பார். நான் விளக்க வேண்டும். அவர் நம்ப வேண்டும். டாக்டரம்மா காதுக்குப் போனால் இன்னும் ஒரு வாரம் பார் என்பார். ஒரு வாரத்தில் பாலசமுத்திரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை நடந்திருக்கிறது. ஒரு கைத் தண்ணீர்தானே என்று நினைத்தேன். சில்வர் நைட்ரேட்டில் வெளுக்காது. பெர்மாங்கனேட்டில் நிறம் போகாது. பாட்டிலில் அடைத்த பிறகு எப்படியும் நீராவியில் வேக வைப்பார்கள். அது போதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நினைத்தேன். திரும்பி நடந்தேன்.

இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குளிர் குறையக் குறைய எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "என்னங்க, ஜெயில்லேர்ந்து விட்டாப்ல இருக்கு" என்றார். ஆமாம் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். மருத்துவச்சி வெளியே வந்து சொன்னதும் நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். குழந்தையின் காது மடல் என் அம்மாவுடையது. அதையே பார்த்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் அப்பாவின் கடைக்குத் தந்தி வந்தது. உடனே வரவும் என்று மட்டும் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்தத் துணி கட்டிய ஜாடி கண் முன்னால் வந்தது.

"பத்து நாளுன்னு சொன்னீங்க" என்றாள் மனைவி. குழந்தையை என் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

மலையில் நாலு பேருக்கு நடுக்கம் கண்டிருந்தது. மூன்று பேருக்குச் சீக்கிரம் அடங்கிவிட்டது. நாலாவது, கரு கலைந்து ரத்தம் போய் வந்து சேர்ந்த ஒரு பெண். அக்காவின் ஊர்க்காரி, பூம்பாறையில் பூண்டு வயலில் வேலை செய்கிறவள். பாட்டில் ஏறிய முக்கால் மணியில் ஆரம்பித்து, பல் அடித்து, கட்டில் சுவரில் மோதுகிற அளவுக்கு ஆடினாள் என்று நர்ஸ் சொன்னாள். ஒரு பகல் முழுக்க அவள் பிழைப்பாளா என்று தெரியவில்லை. நான் வார்டுக்குப் போனபோது மூன்று கம்பளிக்குள் முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தாள். என் கையில் பாட்டில் இல்லை, இருந்தும் என்னைப் பார்த்ததும் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மேஜைமேல் மிச்சத் தண்ணீரை வைத்திருந்தார். அவரே டெஸ்ட் செய்து பார்த்திருந்தார். சில்வர் நைட்ரேட்டில் தெளிவு, பெர்மாங்கனேட்டில் ரோஸ் நிறம் அப்படியே.

"சுத்தம்னுதான் சொல்லுது" என்றார். "அந்த அம்மாவைக் கேட்டா, தம்பி சொன்னபடிதான் செஞ்சேன்னு மட்டும் சொல்றாங்க. நீ சரியாச் சொல்லிக் கொடுத்தியா?"

"சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

"அப்போ அவங்க பொய் சொல்றாங்க. இனிமே இந்த ஆஸ்பத்திரில அவங்களை வச்சுக்க முடியாது. சமையல்லயும்தான்."

அக்கா சமையல்கட்டின் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். மூட்டை கட்டி முடித்திருந்தது, சின்ன மூட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "என்ன புள்ள?" என்று கேட்டார். பெண் என்றேன். முகம் மலர்ந்தது. தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்டார். நான் பதில் சொல்லிவிட்டு நின்றேன். கேட்கத் தேவையே இல்லாத கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, ராத்திரி ஜாடியில தண்ணி விட்டு வச்சீங்களா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கதான் பாத்தீங்களே தம்பி. அன்னைக்கிச் சாயந்தரம் கதவோரம் நின்னீங்க. எனக்கும் மனசுக்குள்ள திக்குனுதான் இருந்துச்சு, கவுத்தச் சொன்னாகளேன்னு. நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனீங்க. சரி, தம்பிக்கும் இது சம்மதந்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் தெனமும் அப்படித்தான் வச்சேன்."

"இதை ஏன் டாக்டரம்மாகிட்டச் சொல்லலை?" என்றேன்.

"பச்சப் புள்ளக்காரரு. ஒங்கள எதுக்கு இதுல இழுக்கணும்? எனக்கென்ன, பூம்பாறையில பூண்டு உரிச்சாலும் கஞ்சி கெடைக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "தம்பி, அந்தப் புள்ள பொழச்சிருமில்ல?" என்று கேட்டார்.

நான் திரும்பி டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தேன், தெரிந்தது, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன் என்று. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பது கூடப் பொய், ஆசைப்பட்டேன். அந்த நிமிஷத்திலும் என் மனம் சாயந்தர பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் கத்தவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பூட்டும் சாவியும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சமையல்கார அம்மாவை மூட்டையைப் பிரிக்கச் சொல்லு. இந்தச் சாவி உன்கிட்ட மட்டும் இருக்கட்டும். ஒரு கைத் தண்ணி என்ன பண்ணும்னு இப்ப உனக்கு மட்டும்தான் நல்லாத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் லீவு கேட்கவில்லை. அவராகக் கொடுத்தால் இரண்டு நாள் போய் வருவேன். பெண் என்னைப் பார்த்தால் வீரிட்டு அழுவாள், பழகுவதற்குள் கிளம்பிவிடுவேன். கீழேயிருந்து நல்ல பெட்டியில் பாட்டில்கள் ஒழுங்காக வர ஆரம்பித்து, செம்பு அண்டாவைக் கழற்றி வைக்கும்வரை இரண்டு வருடத்துக்கும் மேல் அந்த அறையில் இருந்தேன். சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. எந்தக் காலையிலும் அதை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

தினமும் சாயந்தரம் நான் ஜாடியைக் கழுவுகிற நேரத்துக்கு அக்கா வந்து வாசல்படிக்கு வெளியே நிற்பார். உள்ளே வர மாட்டார்.

"கவுத்தியாச்சா தம்பி?" என்பார்.

"கவுத்தியாச்சு அக்கா."

"உள்ளாற ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

வெறும் ஜாடியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அவருக்கு அது பிடிக்காது என்று முகத்திலேயே தெரியும். தலையை ஆட்டிவிட்டு, தன் சோற்றுப் பானையில் தண்ணீர் விடச் சமையல்கட்டுக்குப் போவார். நான் கதவைச் சாத்திப் பூட்டுவேன்.